லெட்சுமி என்ற பெயரில் இங்கே யாரும் இல்லை

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பெரிய பொய்யில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. தலையை மட்டும்தான் ஆட்டினேன்.

எங்கள் கல்யாண வரவேற்பு அது. மேடையில் மாலையும் வியர்வையுமாக நான் நிற்க, என் மாமனார் மணியம் வாழ்த்த வந்த ஒவ்வொருவரிடமும் என் தோளைத் தட்டித் தட்டி, "மாப்ள கிளவுட்ல எக்ஸ்பெர்ட்" என்று அறிமுகம் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் நான் ஒரு தலையாட்டல். (தைப்பிங்கிலிருந்து வந்த ஒரு பெரியவர், "மேகத்துலயா? அப்ப பைலட்டா?" என்று கேட்டார். அதற்கும் ஆட்டியிருப்பேன். பின்னால் நின்றவர் மொய்க் கவரோடு நெருக்கியதால் தப்பித்தேன்.)

உண்மை என்னவென்றால், நான் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் உதவிப் பிரிவில் இருந்தேன். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்குப் புது பாஸ்வேர்டு கொடுப்பேன். பிரிண்டரின் வயிற்றில் சிக்கிய காகிதத்தை உருவுவேன். மீதி எல்லாவற்றுக்கும், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பேன். கிளவுட் என்பது, கம்பெனி அனுப்பிவைத்த மூன்று நாள் வகுப்பு. நல்ல ஹோட்டல். கறி பஃப் அபாரம். மூன்றாம் நாள் மாலை, தூங்கியவர் தூங்காதவர் என்ற பேதமில்லாமல் எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். நான் என்னுடையதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினேன். என் மனைவி தாரணி ஒரு கிளினிக்கில் மருந்தாளர். அவள் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஃபிரேம் நல்லாருக்கு" என்றாள்.

மாமாவுக்கு டத்தோ கிராமாட்டில் வீடு. வீட்டை ஒட்டிய காலி இடத்தில் பதினான்கு பஸ்கள். சுங்கை பினாங் அடுக்குமாடி வீடுகளின் வாசலில் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு, பாலத்தைத் தாண்டி, பத்து காவானில் உள்ள ஒரு பெரிய தொழிற்சாலையில் கொண்டுபோய் இறக்குவதுதான் தொழில். கம்பெனி மாமியாரின் பெயரில் பதிவானது. அவர் பெயர் லெட்சுமி. பதினான்கு பஸ்களின் பக்கவாட்டிலும் ஓர் அடி உயர மஞ்சள் எழுத்தில் அந்தப் பெயர்தான்.

பஸ் இப்போது எங்கே வருகிறது என்று பார்க்க ஒரு சிஸ்டமும் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு டிரைவரின் போனிலும் ஓர் ஆப். அது பஸ் இருக்கும் இடத்தை ஆபீசில் உள்ள ஒரு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் கம்ப்யூட்டர் கக் ரொஹானாவின் மேஜைக்குக் கீழே குடியிருந்தது. கக் ரொஹானா இருபது வருடங்களாக அங்கே பஸ்களை அனுப்பும் பொறுப்பில் இருக்கும் மலாய்க்கார அக்கா. டிரைவர்களோடு பழகி, எங்கள் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் மலாய்க்குப் போய்விடுவார்.

மேஜைக்கடியில் இருந்த கிழம் சாகக் கிடந்தது. போட்டால் தேங்காய் துருவும் சத்தம். அந்தச் சமயம் பார்த்துத் தொழிற்சாலையிலிருந்து கடிதம்: ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால், வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் அலுவலகத்தில் வந்து உங்கள் சிஸ்டம் நம்பகமானது என்று காட்டவும். மாமாவிடம் இருந்த ஒரே வாடிக்கையாளர் அந்தத் தொழிற்சாலைதான். அது போனால் பதினான்கு பஸ்களையும் வைத்துக்கொண்டு தினமும் கடற்கரைக்குச் சுற்றுலா போக வேண்டியதுதான்.

சிஸ்டம் செய்துகொடுத்த ஈப்போக்காரர், "கிளவுட்டுக்கு மாத்திடலாம் சார், நானே வந்து செய்யறேன்" என்றார்.

மாமா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வரவேற்பு மேடையின் பெருமை அத்தனையும் இருந்தது.

"எதுக்கு மாமா வெளி ஆளு?" என்றேன். "அரை மணி நேர வேலை."

வேலை என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர்களுக்கு உண்மையில் பெயர் கிடையாது, நீளமான எண்தான். மனிதனுக்கு எண் மறந்துபோகும் என்பதால், இன்ன பெயருக்கு இன்ன எண் என்று இணையத்தில் ஒரு பெயர்ப் பதிவேடு இருக்கிறது. போன் பெயரைச் சொல்லிக் கேட்கும், பதிவேடு எண்ணைச் சொல்லும், ஆள் கிடைத்துவிடுவார். நான் செய்ய வேண்டியதெல்லாம் கிளவுட்டில் ஒரு புது சர்வரை எடுத்து, அதற்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரையும் எண்ணையும் பதிவேட்டில் எழுதுவது. ஈப்போக்காரர் தெளிவாகவே சொன்னார்: "கம்பெனி பேரையே வெச்சிடுங்க சார். நாங்களும் ஆப்ல அதையே போட்டுடறோம்."

வியாழக்கிழமை காலை ஆபீசில் குடும்பமே கூடிவிட்டது. புது பஸ் வாங்கினால் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் மாமா வெளியே எடுக்கமாட்டார். சர்வருக்கும் நசுக்கவேண்டும் என்றார். அத்தை குங்குமத்தோடு வந்து, "சர்வர் எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார்.

"சிங்கப்பூர்ல, அத்தை."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு என் லேப்டாப்பின் நெற்றியில் பொட்டு வைத்தார். எலுமிச்சம்பழத்தை மாமா லேப்டாப்புக்கு அடியில் வைக்கப் பார்த்தார். நான் கெஞ்சி, கக் ரொஹானாவின் நாற்காலிச் சக்கரத்துக்கு மாற்றிவிட்டேன்.

எல்லாரும் பார்க்க, பெயர்ப் பெட்டியில் கம்பீரமாகத் தட்டினேன்: எல், இ, டி, சி, எச், யு, எம், ஐ. லெட்சுமி. அதையே பதிவேட்டிலும் எழுதினேன்.

பின்னால் நின்ற கக் ரொஹானா, "தம்பி, அந்த எஜாஆன்..." என்று ஆரம்பித்தார். எஜாஆன் என்றால் மலாயில் எழுத்துக்கூட்டு.

"கக்," என்றேன் திரும்பாமலே, "இது டெக்னிக்கல்."

அவர் வாயை மூடிக்கொண்டார். இருபது வருட அனுபவத்தை மூன்று நாள் அனுபவம் வாயடைக்க வைத்த நேரம் அது. நான் ரசித்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த கட்டளையைத் தட்டியதும் திரையில் ஒரு வரி வந்தது. ஆங்கிலத்தில்தான் வந்தது, அர்த்தம் இதுதான்: லெட்சுமி என்ற பெயரில் யாரையும் தெரியவில்லை.

"என்ன சொல்லுது மாப்ள?" என்றார் மாமா.

பக்கத்தில் அத்தை, கையில் குங்குமச் சிமிழோடு. அவர் பெயரை வைத்து, அவர் பொட்டு வைத்த யந்திரம், அவரைத் தெரியாது என்கிறது. இதை நான் எப்படி மொழிபெயர்ப்பேன்?

"புது சர்வர்லா மாமா. கொஞ்சம் வெக்கப்படுது."

விஷயம் இதுதான். வெளியுலகப் பதிவேடு தவிர, ஒவ்வொரு சர்வரும் தன் வீட்டுக்குள்ளும் ஒரு சின்னச் சீட்டு வைத்திருக்கும். அதிலும் அதன் பெயரை எழுதவேண்டும். இல்லாவிட்டால், கண்ணாடியைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்கும். வகுப்பில் இதைச் சொன்னபோது நான் கறி பஃப் வரிசையில் இருந்திருக்கிறேன். போனில் தேடிக் கண்டுபிடித்து, அந்தச் சீட்டிலும் அவசரமாகப் பெயரை எழுதினேன். அவசரத்தில் கடைசி எழுத்து ஐ-க்குப் பதில் வை ஆகிவிட்டது. சர்வர் மறுபடியும் "தெரியவில்லை" என்றது. பெயரை நான் இரண்டு விதமாக எழுதியிருக்கிறேன் என்பதை அது தன்னால் முடிந்தவரை சொல்லிப் பார்த்தது. நான் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் அது "தெரியவில்லை" என்றது. நான் ஒவ்வொரு முறையும் "சும்மா வார்னிங்" என்றேன்.

பிறகு என் லேப்டாப்பில் நான் வைத்த பெயரைத் தட்டினேன். பக்கம் திறந்தது! பதினான்கு பஸ்கள் வரிசையாக வந்தன. மேலே, "ஓடும் பஸ்கள்: 0".

"டிரைவருங்க போன்ல புது ஆப் வந்தோன்ன, சைபர் போயிரும்" என்றேன். மாமா கைதட்டினார். நான் குனிந்து, மேஜைக்கடியில் இருந்த கிழத்தின் வயரை உருவினேன். துருவும் சத்தம் நின்றது. அந்த மௌனத்தை வெற்றி என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பதினான்கு டிரைவர்களின் போனிலும் ஒரே செய்தி: முகவரி கிடைக்கவில்லை. பஸ் எங்கே என்று தெரியாமல் சுங்கை பினாங்கிலிருந்து தொழிலாளர்கள் ஒவ்வொருவராகக் கக் ரொஹானாவைக் கூப்பிட்டார்கள். அவர் வலது காதில் ஒன்று, இடது காதில் ஒன்று என்று இரண்டு போன்களை வைத்துக்கொண்டு, வெள்ளைப் பலகையில் மார்க்கரால் பஸ்களை நகர்த்திக்கொண்டிருந்தார்.

நான் பதறவில்லை. என்னிடம் ஒரு மந்திரம் இருந்தது. கம்ப்யூட்டர்காரர்கள் அத்தனை பேரும் ஆபத்துக் காலத்தில் உச்சரிக்கும் மந்திரம்.

"புரோப்பகேஷன்" என்றேன்.

"அது என்ன மாப்ள?"

"பேரு உலகம் பூரா பரவணும் மாமா. நாப்பத்தெட்டு மணி நேரம் ஆகும்."

இந்த வார்த்தையின் மகிமையைச் சொல்லியாக வேண்டும். சோதிடருக்கு ஏழரைச் சனி எப்படியோ அப்படி எங்களுக்கு இது. தப்பு நம்முடையது இல்லை; காலம் கனியவில்லை. பொறுத்திருந்தால் சரியாகும். சரியானால் நம் திறமை. ஆகாவிட்டால் உங்கள் நேரம். மாமா பயபக்தியோடு தலையசைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு தாளில் நேரத்தைக் குறித்துக்கொண்டார். (இந்தக் குறிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.)

சும்மா இருந்தால் மரியாதையாக இருக்காதே என்று சனிக்கிழமை டிரைவர்களை வரிசையாக நிற்கவைத்து, எல்லார் போனையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். வரிசையில் முதலாவதாக நின்றவர் முனியாண்டி அண்ணன், கம்பெனியின் மூத்த டிரைவர்.

"தம்பி, மூணு தடவ ஆஃப் பண்ணிட்டேன். இன்னொரு தடவ பண்ணுனா போனு ரிசைன் பண்ணிரும்."

"பாலத்துல காத்து ஜாஸ்தி அண்ணே. அதான் சிக்னல்..."

"நா இன்னும் பாலமே ஏறலயே. ஒங்க முன்னாலதானே நிக்கிறேன்."

அன்று மாலை தாரணியிடம் புலம்பினேன். என் லேப்டாப்பில் பளிச்சென்று திறக்கிறது, இந்தப் பாழாய்ப்போன போன்களில்தான் கோளாறு, டிரைவர்களுக்குத் தொழில்நுட்பமே தெரியவில்லை என்று நீட்டி முழக்கினேன்.

"ஈப்போக்காரருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்" என்றாள்.

"கேட்டா என்ன நெனப்பாங்க? எக்ஸ்பெர்ட்டு கேக்கலாமா?"

"நாங்க ஒருத்தருக்கு மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி பேர ஒவ்வொரு எழுத்தா கேட்டுதான் குடுப்போம். தெரிஞ்சவங்களா இருந்தாலும்."

"அது மருந்து. இது டெக்னாலஜி."

அவள் என்னைப் பார்த்த பார்வை, அந்தச் சான்றிதழின் சட்டத்தைப் பார்த்த அதே பார்வை.

திங்கட்கிழமை மாமா அந்தத் தாளோடு வந்தார். "மாப்ள, நாப்பத்தெட்டு மணி நேரம் எப்பவோ முடிஞ்சிருச்சே?"

"நடுவுல சனி ஞாயிறு வந்துச்சுல்ல மாமா."

இணையம் வார இறுதியில் விடுமுறை எடுத்துக்கொள்ளும் என்று ஒரு மனிதரை நம்பவைத்த பாவம் என்னைச் சும்மா விடாது. அவர் நம்பினார். அதுதான் கொடுமை. செவ்வாய்க்கிழமை எனக்குக் காய்ச்சல் வருவதுபோல் இருந்தது. வந்தால் நன்றாக இருக்கும் என்று மழையில்கூட நின்று பார்த்தேன். வரவில்லை.

புதன்கிழமை. மாமா தங்க நூல் கலந்த பாத்தேக் சட்டையில். கம்பெனி தன் பெயரில் இருப்பதால் கையெழுத்துக்காக அத்தையும் வந்தார், பட்டுப் புடவையில். முனியாண்டி அண்ணன் எங்களைத் தன் பஸ்சிலேயே ஏற்றிக்கொண்டு போய், தொழிற்சாலைக்கு வெளியே நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். உள்ளே குளிரூட்டிய அறை, நீள மேஜை, சுவர் அளவு திரை. மேலாளர் மிஸ் லிம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"உங்கள் சிஸ்டத்தை எங்கள் கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கலாமா?"

கக் ரொஹானா முன்பே அவர்களுக்கு அனுப்பியிருந்த கடிதத்தைப் பார்த்து, அதில் இருந்த முகவரியை மிஸ் லிம் தானே தட்டினார். பெரிய திரையில், பெரிய எழுத்தில்: முகவரி கிடைக்கவில்லை.

"புரோப்பகேஷன், மேடம்" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

"ஓ. எத்தனை மணி நேரம்?"

"நாற்பத்தெட்டு."

"எப்போது ஆரம்பித்தீர்கள்?"

"போன வியாழக்கிழமை."

மிஸ் லிம் விரல்விட்டு எண்ணவில்லை. அவ்வளவு நாகரிகம் அவருக்கு. ஆனால் மாமா பாக்கெட்டிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் மேடம், நான் திறக்கறேன்" என்று விசைப்பலகையை வாங்கி, ஆறு நாளாக என் லேப்டாப்பில் நான் தட்டிவந்த பெயரைத் தட்டினேன். திறந்தது! பதினான்கு பஸ்கள்! நான் நிமிர்ந்து, மாமாவைப் பார்த்து, ஐந்து விநாடி எக்ஸ்பெர்ட்டாக இருந்தேன்.

ஆறாவது விநாடியில் மிஸ் லிம் திரையின் உச்சியைக் காட்டினார். "ஓடும் பஸ்கள், பூஜ்யம். அப்படியென்றால் இன்று காலை எங்கள் ஆட்கள் எப்படி வந்தார்கள்? நீந்தியா?"

யாரும் சிரிக்கவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அந்தத் தங்க நூல் சட்டைக்குள் மனிதர் சுருங்கிக்கொண்டே போனார். அதுவரை என் மானம் மட்டும்தான் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டிய பெயர் அங்கே சுவரில் பிரம்மாண்டமாக நின்றது.

"மாப்ள, அது யாரு?"

"எது அத்தை?"

"அந்தப் பேரு."

"லெட்சுமி. நீங்கதான் அத்தை!"

"நா அது இல்லயே" என்றார் அத்தை, சாதாரணமாக. எழுந்து ஜன்னலுக்குப் போய் வெளியே காட்டினார். "நா அது."

கீழே எங்கள் பஸ். வெயிலில் மஞ்சள் எழுத்து பளபளத்தது. எல், இ, டி, சி, எச். அதற்கு அப்புறம் யு இல்லை, ஐ. பிறகு எம். கடைசியில் ஐ இல்லை, வை. லெட்சிமி.

தமிழில் ஒரே ஒரு லெட்சுமிதான். ஆங்கிலத்தில் எழுதும்போது நம் ஊரில் வீட்டுக்கு ஒரு லெட்சுமி. நான் என் மாமியார் பெயரை எனக்குத் தோன்றியபடி எழுதி, அதைப் பதிவேட்டில் பதிந்து, என் லேப்டாப்பிலும் அதே தப்பைத் தட்டித் தட்டி, "எனக்கு வேலை செய்யுதே" என்று ஆறு நாள் மார்தட்டியிருக்கிறேன். ஈப்போக்காரரும் கக் ரொஹானாவும் கம்பெனிப் பத்திரத்தைப் பார்த்துச் சரியாக எழுதியிருந்தார்கள். பதினான்கு போன்களும் சரியான லெட்சிமியைத் தேடி, "இந்தப் பெயரில் யாரும் இல்லை" என்று ஆறு நாளும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. அந்தப் பஸ்சில்தான் அன்று காலை வந்து இறங்கினேன். ஏறும்போது அந்தப் பெயரின் மேல் கையை ஊன்றித்தான் ஏறினேன்.

லேப்டாப்பைத் திறந்து, பதிவேட்டில் சரியான பெயரை எழுதினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மிஸ் லிம் மறுபடி தட்டினார். கிடைக்கவில்லை.

இதற்கும் காரணம் உண்டு. ஒருமுறை கேட்டு, "அப்படி யாரும் இல்லை" என்று பதில் வந்துவிட்டால், அந்த 'இல்லை'யையும் கம்ப்யூட்டர்கள் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருக்கும். மறக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

"மேடம்," என்றேன் ஈனஸ்வரத்தில், "இப்பதான் நிஜமாவே பரவணும்."

ஆறு நாளில் நான் சொன்ன முதல் உண்மை. அறையில் ஒருவர்கூட நம்பவில்லை.

அந்த நேரத்தை நிரப்பியவர் அத்தைதான். மலாயில், மிஸ் லிம்மிடம், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் பேச ஆரம்பித்தார். பிறந்தபோது யாரோ ஒரு கிளார்க் காதில் விழுந்தபடி எழுதிவிட்டது; பள்ளிக்கூடத்தில் டீச்சர் திருத்தி வேறு மாதிரி எழுதியது; கல்யாணப் பத்திரத்துக்காக இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியம் செய்துகொடுத்தது.

"மாத்திடலாம்னு எல்லாரும் சொன்னாங்க. மொத பஸ் வாங்குனப்ப இவருகூட, 'சரியா எழுதிரலாமா'ன்னு கேட்டாரு. நா வேணாம்னுட்டேன். தப்பா எழுதுனாலும் அது என் பேருலா. அதோடதானே இவ்ளோ காலம் வாழ்ந்திருக்கேன்."

மிஸ் லிம் பேனாவைக் கீழே வைத்தார். "என் அப்பா ஒரு லிம். என் பெரியப்பா, அதே வீட்டில் பிறந்தவர், லின். எழுதியவர்கள் வேறு வேறு. இன்றுவரை விமான நிலையத்தில் அண்ணன் தம்பி என்று நிரூபிக்க முடியவில்லை."

இருவரும் சிரித்தார்கள். பிஸ்கட் வந்தது. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். தின்னத் தைரியம் வரவில்லை. ஏழு மாதமாக அந்த அம்மாள் கையால் சாப்பிடுகிறேன், அவர் பெயரை ஒருமுறைகூட ஒழுங்காகப் படித்ததில்லை. சர்வர் என்னைத் திட்டியதைவிட இதுதான் வலித்தது.

அரைமணி நேரம் கழிந்திருக்கும். (அரை மணி நேர வேலை என்றேன் அல்லவா, அதில் மட்டும் பொய்யில்லை.) திரையில் பச்சைப் புள்ளி ஒன்று முளைத்தது. தொழிற்சாலை வாசலில். முனியாண்டி அண்ணனின் பஸ். கீழேயிருந்து நீளமாக ஒரு ஹார்ன் கேட்டது. பிறகு சுங்கை பினாங்கில் ஒன்று, பாலத்தின் நடுவில் இரண்டு, டத்தோ கிராமாட்டில் ஒரு கொத்து. பூஜ்யம் ஒன்றாகி, ஐந்தாகி, பதினான்கு ஆனது. மாமா ஒவ்வொரு புள்ளிக்கும், "அது மூணாம் நம்பரு, அது ஏழாம் நம்பரு" என்று பேரப்பிள்ளைகளைக் காட்டுவதுபோல் காட்டிக்கொண்டிருந்தார்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. மிஸ் லிம் ஒரே ஒரு திருத்தம் கேட்டார். 'தொழில்நுட்பத் தொடர்புக்கு' என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அதை அழகாக அடித்துவிட்டு அத்தையின் பெயரை எழுதச் சொன்னார். அத்தையே எழுதினார், எழுத்துப் பிசகாமல். இன்றுவரை அந்தத் தொழிற்சாலையின் பதிவுகளில் எங்கள் கிளவுட் சிஸ்டத்துக்குப் பொறுப்பாளர் என் மாமியார்தான்.

திரும்பும்போது பாலத்தின் நடுவில் முன் சீட்டிலிருந்து மாமா கேட்டார்.

"மாப்ள, ஒங்களுக்குக் கிளவுட் தெரியும்ல?"

"கொஞ்சம் மாமா."

"எவ்ளோ?"

கடலைப் பார்த்தேன். குதிக்கும் அளவுக்கு உயரம்தான், ஜன்னல் திறக்காது.

"மூணு நாளு" என்றேன். "டீ பிரேக் போக ரெண்டரை."

மாமா திரும்பிப் பார்த்தார். அத்தைதான் முதலில் சிரித்தார். அப்புறம் முனியாண்டி அண்ணன் சிரித்ததில் பஸ் கொஞ்சம் ஆடியது.

ஆபீசுக்கு வந்ததும் கக் ரொஹானாவிடம் நேராகப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் வெள்ளைப் பலகையைத் துடைத்துக்கொண்டே, "பரவால்ல தம்பி. டெக்னிக்கல்தானே" என்றார்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். மறுவருடம் எங்களுக்கு மகள் பிறந்தாள். முப்பத்தொன்றாம் நாள் பெயர் வைக்கும் விழாவுக்கு அழைப்பிதழ் அடிக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். களங்கத்தைத் துடைக்க வேறு வழி? யாழினி என்ற பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று குடும்பமே உட்கார்ந்து முடிவு செய்தது. அச்சகத்தில் நான் அந்த ஏழு எழுத்தையும் விரல் வைத்து, முன்னாலிருந்து ஒருமுறை, பின்னாலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. முந்நூறு அட்டைகள் அடித்து வந்தன.

முனியாண்டி அண்ணன்தான் முதல் அட்டையை வாங்கி, சத்தமாக வாசித்தார். மகள் பெயர் சரி. தாரணி பெயர் சரி. தகப்பன் பெயரில் நின்றார்.

"சர்...வணன்? தம்பி, ஒங்க பேரு சரவணன் இல்ல?"

நடுவில் ஓர் ஏ-யைக் காணோம். மகள் பெயரை இரண்டு பக்கமிருந்தும் படித்த நான், என் பெயர்தானே என்று எழுதிக்கொடுத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சர்வணன்" என்றார் அவர் மறுபடியும், வாயில் போட்டு ருசி பார்ப்பதுபோல். "சர்வர் அண்ணன்!"

அவ்வளவுதான். டிரைவர்கள், மாமா, தாரணி, கக் ரொஹானா, எல்லாருக்கும் அன்று முதல் நான் சர்வர்தான்.

விழா நாளன்று மண்டபத்தில் மாமா, "சர்வர் எங்க? சர்வரக் கூப்புடு!" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் ஓடி வந்தேன். கூலிமிலிருந்து வந்திருந்த மாமாவின் தூரத்து அக்கா ஒருவர் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீதான் சர்வரா தம்பி? எவ்ளோ நேரமா ஒக்காந்திருக்கேன். ஒரு தே ஓ கொசோங் கொண்டா. இனிப்பு நீரு எனக்கு."

விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். சமையல்கட்டுக்குப் போய், சீனி போடாத கடுந்தேநீரை ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாக, "நல்லாருக்கு. எந்தக் கடையில வேல செய்யற?" என்றார்.

பக்கத்தில் என் மகளை மடியில் வைத்திருந்த அத்தை, நான் வாயைத் திறக்குமுன் பதில் சொன்னார். குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும், பந்தியில் யாராவது ஒருவர் இன்றும் அந்தப் பதிலைச் சொல்லிக்காட்டாமல் இருப்பதில்லை.

"நம்ம கடைதான்க்கா. வேல சுமார்தான். ஆனா சொன்னா கேட்டுக்குவாரு."